புதிதாக லினக்ஸ் மின்ட் போட்டேன், வைஃபை என்ற வரியே காணோம்

பள்ளத்தூர் பலகாரம்:

எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் எனக்கு ஓரளவுதான் தெரியும், அதனால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஆத்தாவும் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறோம். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, இப்படி. ஆர்டர் எல்லாம் வாட்ஸாப்பிலும் மெயிலிலும் வரும், கணக்கும் பார்சல் விலாசமும் ஒரு பழைய லேப்டாப்பில் இருக்கிறது. 2014 மாடல், செகண்ட்ஹேண்டில் வாங்கியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றுபோச்சு, இந்த மெஷினில் 11 ஏறாது என்று அதுவே சொல்லிவிட்டது. சித்தப்பா மகன் லீவுக்கு வந்தபோது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் மின்ட் 22-ஐ ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இன்ஸ்டால் நானே செய்தேன், எந்தச் சிக்கலும் இல்லை. தமிழ்99 கீபோர்டு வந்துவிட்டது, விலாசம் அடிக்கிற பிரின்டர் செருகியதும் வேலை செய்கிறது, மெஷினும் முன்னைவிடச் சுறுசுறுப்பு.

வைஃபைதான் இல்லை. ஆஃப் ஆகியிருக்கிறது என்றால்கூடப் பரவாயில்லை, கீழே வலது மூலையில் நெட்வொர்க் படத்தைச் சொடுக்கினால் கேபிள் இணைப்பு மட்டும் காட்டுகிறது, வைஃபை என்று ஒரு வரியே கிடையாது. இதே லேப்டாப், இதே இடம், விண்டோஸில் நன்றாக ஓடியது. லேன் கேபிள் செருகலாம் என்றால் அந்தத் துளையில் கிளிப் உடைந்து கேபிள் நிற்க மாட்டேன் என்கிறது.

வாங்கின கடையில் கேட்டேன். "லினக்ஸெல்லாம் நாங்க பார்க்கிறதில்லை, விண்டோஸே திரும்பப் போட்டுத் தர்றோம்" என்றார்கள், அதற்கும் காசு. நெட்டில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் விண்டோஸ் டிரைவரை இறக்கி ஏதோ ராப்பரில் சுற்றச் சொல்கிறார், இன்னொருவர் எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை எடுத்து ரூட்டாக ஓட்டச் சொல்கிறார். எதையும் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். தை பிறந்தால் கல்யாண ஆர்டர் குவியும், அதற்குள் இது சரியாக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.


சும்மா ஒருத்தன்:

எதுக்கு இவ்வளவு தலைவலி? சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் கிடைக்கும், வாங்கிச் செருகுங்க, முடிஞ்சது சோலி.


கழனிவாசல் சர்வீஸ்:

டாங்கிள் சொன்ன நண்பரே, உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால் அடுத்த வாரம் அந்த டாங்கிளுக்கு டிரைவர் கேட்டு ஆச்சி இதே இடத்தில் வந்து நிற்பார். விலை குறைந்த ரியல்டெக் டாங்கிள் சிலது செருகியதும் தன்னைச் சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும், ஏனென்றால் விண்டோஸ் டிரைவர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் தட்டி எழுப்பினால்தான் அது வைஃபையாக மாறும். டாங்கிளின் எண் 0பிடிஏ:1ஏ2பி என்று காட்டினால் அந்த ஜாதிதான். இது தெரியாமல் டாங்கிள் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

ஆச்சி, எதையும் தொடாமல் வைத்திருக்கிறேன் என்றீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. கண்ட ஸ்கிரிப்டையும் ஓட்டிவிட்டு வருகிற மெஷினில் முதலில் அதைச் சுத்தம் செய்யவே ஒரு பொழுது போய்விடும். அந்த ராப்பர் சமாசாரம் காலாவதி, மறந்துவிடுங்கள்.

லேப்டாப் என்ன கம்பெனி, என்ன மாடல் என்பது எனக்கு வேண்டாம். ஒரே மாடலில் ஒரு லாட்டுக்கு இன்டெல் கார்டு போட்டிருப்பான், அடுத்த லாட்டுக்கு வேறு. கார்டின் எண்தான் வேண்டும். கட்டளை தட்டுகிற டெர்மினல் ஜன்னலைத் திறந்து இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அடியுங்கள். உச்சரிப்பை எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

எல்எஸ்பிசிஐ -என்என்கே

ஆர்எஃப்கில் லிஸ்ட்

மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்

முதலாவது கார்டு எது, அதை இப்போது எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று சொல்லும். நிறைய வரும், நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்குகிற பகுதி போதும். இரண்டாவது, பட்டனோ மென்பொருளோ வைஃபையை அடைத்து வைத்திருக்கிறதா என்று காட்டும். மூன்றாவது செக்யூர் பூட் பற்றியது, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.


பள்ளத்தூர் பலகாரம்:

நன்றி அண்ணே. லேப்டாப்பைப் பார்த்து மொபைலில் தமிழிலேயே தட்டுகிறேன், எழுத்து முன்னே பின்னே இருந்தால் கேளுங்கள்.

நெட்வொர்க் கன்ட்ரோலர் [0280]: பிராட்காம், பிசிஎம்43142, 802.11 பி/ஜி/என், [14ஈ4:4365]. கெர்னல் டிரைவர் இன் யூஸ் என்ற இடத்தில் பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ். கெர்னல் மாட்யூல்ஸ் என்ற இடத்தில் பிசிஎம்ஏ.

ஆர்எஃப்கில்லில் புளூடூத் மட்டும் இருக்கிறது, சாஃப்ட் பிளாக்டு நோ, ஹார்டு பிளாக்டு நோ. வைஃபை பற்றிப் பேச்சே இல்லை.

மூன்றாவதுக்கு செக்யூர்பூட் எனேபிள்டு என்று வந்தது.


கழனிவாசல் சர்வீஸ்:

அந்த 14ஈ4:4365 போதும், இனி ஊகத்துக்கு வேலை இல்லை. 14ஈ4 என்பது பிராட்காமுக்கு உள்ள எண், 4365 இந்தச் சிப்புக்கு உள்ளது. கார்டு நல்லாயிருக்கிறது. புளூடூத்தும் அதே கார்டில்தான் இருக்கிறது, அது தலைகாட்டுகிறது பாருங்கள்.

டிரைவர் இன் யூஸ் என்று ஒன்றைப் பார்த்ததும் அதான் டிரைவர் இருக்கிறதே என்று பலர் ஏமாந்துபோவார்கள். பிசிஎம்ஏ வைஃபை டிரைவர் கிடையாது, அந்தச் சிப்பின் வாசற்கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போய் வேலை செய்ய வேண்டியவர்கள் பி43, பிஆர்சிஎம்எஸ்மேக் என்ற இரண்டு பேர். பிராட்காமின் பழைய சிப்புகள் பலவற்றை இவர்கள் ஓட்டுவார்கள், 43142 மட்டும் இரண்டு பேருக்குமே ஆகாது. அதற்கு பிராட்காமே கொடுத்த டபிள்யூஎல் என்ற டிரைவர்தான் வேண்டும். அதன் மூலநிரல் முழுசாக வெளியே கிடையாது, அதனால் கெர்னலோடு, அதாவது லினக்ஸின் மையப்பகுதியோடு, சேர்ந்து வராது, தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மின்ட்டிலும் அதற்கு அடிப்படையான உபுண்டுவிலும் அந்தப் பொட்டலத்தின் பெயர் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்.

டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும், இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனே போதும். போனை வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டு யூஎஸ்பி ஒயரில் லேப்டாப்போடு இணையுங்கள், செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கம் போய் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பில் கேபிள் இணைப்பு வந்ததுபோல் காட்டும். போன் வைஃபையில் இருந்தால் அந்த நெட்தான் லேப்டாப்புக்கும் போகும், மொபைல் டேட்டா கரையாது. டெதரிங் பட்டன் மங்கலாகவே கிடந்தால் ஒயரை மாற்றுங்கள். பவர்பேங்க், டார்ச்சோடு வருகிற ஒயர் பலதில் சார்ஜுக்கான கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

நெட் வந்ததும் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் பெயரோடு ஒரு வரி காட்டும், அதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். டெர்மினலில்தான் செய்வேன் என்றால்:

சூடோ ஆப்ட் அப்டேட்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்

டிகேஎம்எஸ் என்ற ஒன்றும் கூடவே வரும். இந்த டிரைவரை உங்கள் கெர்னலுக்கு ஏற்றபடி அங்கேயே கம்பைல் செய்வது அதுதான். பழைய மெஷின், சற்று நேரம் ஆகும், நின்றுவிட்டது என்று நடுவில் மூடிவிடாதீர்கள்.

உங்களிடம் செக்யூர் பூட் ஆனில் இருக்கிறது. மெஷின் கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னலுக்குள் விடாது, அங்கேயே கம்பைல் செய்த டிரைவருக்கு உங்கள் மெஷினின் சாவியால்தான் கையெழுத்துப் போட முடியும். அதனால் இன்ஸ்டால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். வெறும் எண்களில் எட்டு இலக்கம் வைத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட்டில் வருகிற நீலத்திரைக்குத் தமிழ்99 தெரியாது, எண் என்றால் குழப்பம் வராது.


தேவகோட்டை டெபியன்:

சர்வீஸ் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, மின்ட்டுக்கு. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதே பெயரில் தேடினால் கிடைக்காது. எங்களுக்கு அது பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ். 2023-இல் டெபியன் 12 வந்ததிலிருந்து இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏறுகிற சின்ன நிரல்) எல்லாம் சேர்த்துத் தருகிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான், இன்டெல், ரியல்டெக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அதில் விடிந்தது. இது ஃபர்ம்வேர் இல்லை, மூடிய டிரைவர், அதனால் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பகுதியில் இருக்காது, நான்-ஃப்ரீ பகுதியைச் சோர்ஸஸ் கோப்பில் தனியாகச் சேர்க்க வேண்டும். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 போடாமல் விட்டால் டிகேஎம்எஸ் கம்பைல் செய்ய வழியில்லாமல் நிற்கும், வைஃபை வராது, காரணமும் புரியாது.

ஆனால் எனக்கு இந்த டபிள்யூஎல் டிரைவரையே பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிராட்காம் கடைசியாகக் கொடுத்தது 6.30.223.271, வருஷம் 2015. அதற்குப் பிறகு கெர்னல் மாறுகிறபோதெல்லாம் டெபியன், உபுண்டு ஆட்கள் வெளியே ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள், மூடிய பகுதிக்குள் யாராலும் கைவைக்க முடியாது. 2019-இல் இந்த டிரைவரில் சிவிஈ-2019-9501, 9502 என்று இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன. தீய எண்ணத்தோடு வைத்த ரூட்டர் ஒன்றில் சேர்ந்தால் அதன் வழியே மெஷினுக்குள் புகலாம். நிக்ஸ்ஓஎஸ் என்ற வேறொரு லினக்ஸ் இதைப் பாதுகாப்பற்றது என்று முத்திரை குத்தி, நீங்களே சம்மதம் கொடுத்தாலொழியப் போட விடுவதில்லை.

நானாக இருந்தால் கார்டையே கழற்றிவிடுவேன். பின்மூடியைத் திறந்தால் ஒற்றைத் திருகில் நிற்கும் சின்ன அட்டை, அதில் ஆன்டெனா ஒயர். இன்டெல் பழைய கார்டு ஒன்று போட்டால் கெர்னலில் உள்ள ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் எடுத்துக்கொள்ளும், கம்பைல் வேலையே கிடையாது. வாங்கும் முன் பொருத்துகிற இடம் அரை மினி பிசிஐஈயா எம்.2-வா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறாது.


கழனிவாசல் சர்வீஸ்:

தம்பி சொல்வதில் தப்பே இல்லை, ஓட்டை உண்மைதான். ஆனால் ஆச்சியின் லேப்டாப் வீட்டைவிட்டு நகரப்போவதில்லை, சேரப்போவது அவர்கள் வீட்டு ரூட்டரில் மட்டும். பஸ் ஸ்டாண்டு, ஓட்டல் ஓசி வைஃபையில் இதைச் சேர்க்காமல் இருந்தால் இப்போதைக்குப் போதும். அடிக்கடி வெளியே தூக்கிப் போகிறவர் கேட்டிருந்தால் நானும் கார்டை மாற்று என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று, அந்தக் காலத்து லேப்டாப் சிலதில் மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற பயாஸுக்குள் ஒரு பட்டியல் இருக்கும். கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும், அனுமதியில்லாத கார்டு என்று கறுப்புத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு பூட்டே ஆகாது. அதைப் பார்க்காமல் கார்டு வாங்கச் சொல்வது நியாயமில்லை. கடன் வாங்கிய கார்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் காசு வாங்குவேன்.


பள்ளத்தூர் பலகாரம்:

அண்ணே, டெதரிங் வந்துவிட்டது! நீங்கள் சொன்னதுபோல் முதலில் போட்டது சார்ஜ் ஒயர்தான், போன் டப்பாவில் வந்த ஒயரைத் தேடி எடுத்துப் போட்டதும் உடனே பிடித்தது. டிரைவர் மேனேஜரில் பிராட்காம் வரி வந்தது, அப்ளை கொடுத்தேன், பாஸ்வேர்டு கேட்டது, எட்டு இலக்கம் வைத்தேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன். நீலத்திரை வந்தது. அந்த நேரம் பார்த்து மனகோலம் பிழிய எண்ணெய் காய்ந்து புகைகிறது என்று ஆத்தா கூப்பிட்டார்கள், அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினால் லாகின் திரை நிற்கிறது.

வைஃபை இன்னும் இல்லை. சூடோ மோட்புரோப் டபிள்யூஎல் என்று நெட்டில் பார்த்து அடித்தேன், "கீ வாஸ் ரிஜெக்டெட் பை சர்வீஸ்" என்கிறது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து போட வேண்டுமா?


கழனிவாசல் சர்வீஸ்:

எதையும் நீக்க வேண்டாம். டிரைவர் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது, கையெழுத்தும் போட்டாகிவிட்டது, அந்தக் கையெழுத்தை நம்பலாம் என்று மெஷினிடம் சொல்வது மட்டும் பாக்கி. நீலத்திரை பத்து விநாடிதான் காத்திருக்கும், எந்த விசையும் தட்டாவிட்டால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும், கொடுத்த கோரிக்கையும் போய்விடும். திரும்பக் கொடுக்க வேண்டும்:

சூடோ மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/மோக்.டெர்

இதில் கடைசியில் வருகிற மோக் மட்டும் மூன்று எழுத்தும் பெரிய எழுத்து, மற்றதெல்லாம் சின்ன எழுத்து. பாஸ்வேர்டு இரண்டு தடவை கேட்கும், தட்டும்போது திரையில் புள்ளிகூட வராது, பயப்படாமல் தட்டி என்டர் கொடுங்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீலத்திரை வந்ததும் ஏதாவது ஒரு விசை. பட்டியலில் முதலில் நிற்பது கன்டின்யூ பூட், அதில் என்டர் தட்டினால் மறுபடியும் பழைய கதைதான். கீழ் அம்புக்குறியால் என்ரோல் மோக் (சாவியைப் பதிவது) போய் என்டர், அடுத்து கன்டின்யூ, அடுத்து யெஸ், பிறகு அந்த எட்டு எண்கள், கடைசியாக ரீபூட். அந்தப் பாஸ்வேர்டுக்கு இனி வேலை இல்லை, தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தாலும் வைஃபை வரும், நிறைய பேர் அதைத்தான் சொல்வார்கள். சாவியைப் பதிவது இரண்டு நிமிட வேலை, அதற்குப் பதிலாகக் காவலையே எடுத்துவிடுவது எனக்குப் பிடிக்காது.


பள்ளத்தூர் பலகாரம்:

வந்துவிட்டது அண்ணே! வீட்டு வைஃபை, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வரிசையாகக் காட்டுகிறது. எல்எஸ்பிசிஐயில் இப்போது டிரைவர் இன் யூஸ் டபிள்யூஎல் என்று இருக்கிறது. முகப்பில் ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து மெயில் எல்லாம் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே. இரண்டாங்கட்டு அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் இருக்கிறது, கொஞ்ச நேரம் போய்விடுகிறது. விண்டோஸிலும் அங்கே மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் இப்படி அறுந்து அறுந்து போகாது.


கோட்டையூர்க்காரன் சிங்கப்பூர்:

இதற்கு நான் வருகிறேன், எங்கள் வீட்டிலும் இதே பாடு. ஊருக்கு வருகிற சமயத்தில் ஆபீஸ் மீட்டிங் இருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு ஓடுவேன்.

அறுந்து போவது வேறு, சிக்னல் குறைவது வேறு. முதலில் அறுந்து போவது. மின்ட் வைஃபைக்கு மின்சேமிப்பை ஆனில் வைத்துத் தருகிறது, இந்த மாதிரிப் பழைய கார்டுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். /ஈடிசி/நெட்வொர்க்மேனேஜர்/கான்ஃப்.டி என்ற ஃபோல்டரில் டீஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன் என்று ஒரு கோப்பு இருக்கும். அதற்குள் வைஃபை.பவர்சேவ் = 3 என்றிருப்பதை 2 என்று மாற்றிச் சேமித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். 3 என்றால் மின்சேமிப்பு ஆன், 2 என்றால் ஆஃப்.

அடுத்து சிக்னல். டெர்மினலில் என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை என்று அடித்தால் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் சிக்னல் என்று நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். முகப்பில் நின்று பாருங்கள், வளவில், அதாவது நடுமுற்றத்தில், நின்று பாருங்கள், அடுப்படியில் பாருங்கள், எந்தச் சுவரில் விழுகிறது என்று கையோடு தெரிந்துவிடும். உங்கள் கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிப்பது. 5 இல்லையே என்று வருந்த வேண்டாம், நம் வீட்டுச் சுவருக்கு 2.4-தான் கொஞ்சமாவது ஊடுருவும். செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக அத்தனை தடிமனில் கட்டி வைத்திருக்கிறார்கள், வெயில் உள்ளே வராதது எதனாலோ அதனாலேயே வைஃபையும் வராது. ரூட்டரில் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இவற்றில் பக்கத்து வீட்டுக்காரர் இல்லாத ஒன்றை வையுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்துவிடாதீர்கள், இந்த டிரைவருக்கு அது ஆகாது, டபிள்யூபிஏ2 இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்தாலும் அடுப்படியில் ஓரளவுதான் கிடைக்கும். எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, ஒரு ரூட்டரால் அதைச் சமாளிக்க முடியவே முடியாது. ரிப்பீட்டர் வாங்கி மாட்டினோம். அதுவே அரைகுறையாக வாங்குகிற சிக்னலை அரைகுறையாகத் திருப்பித் தருகிறது, வேகம் பாதியாகிவிட்டது. கடைசியில் முகப்பு ரூட்டரிலிருந்து பின்கட்டுக்கு ஒரு கேட்6 கேபிளை இழுத்து, பரணில் கிடந்த பழைய ரூட்டரை அங்கே மாட்டினேன். கேபிளை அதன் வான் (வெளி நெட் வருகிற) துளையில் போடாமல் லேன் துளையில் போட வேண்டும், அதிலுள்ள டிஎச்சிபியை (ஐபி முகவரி பிரித்துக் கொடுக்கிற வேலையை) ஆஃப் செய்ய வேண்டும், இரண்டு ரூட்டருக்கும் ஒரே ஐபி முகவரி இருக்கக் கூடாது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முன்பக்கத்தில் உள்ளதே கொடுத்துவிட்டால் நடமாடும்போது போன் தானே மாறிக்கொள்ளும், சேனல் மட்டும் வேறு. கேட்6 நூறு மீட்டர் வரை தாங்கும், எவ்வளவு பெரிய வீட்டுக்கும் அது போதும்.

கேபிளுக்குச் சுவரில் துளை போடாதீர்கள், பழைய காரை பொலபொலவென்று கொட்டும், பூசுகிற ஆளைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. கதவு நிலைக்கு மேலே காற்றுக்கு விட்ட சந்து இருந்தால் அதன் வழியே கொண்டுபோகலாம். வளவு ஓரமாகப் போகிற பகுதிக்கு மட்டும் பிவிசி குழாய் போடுங்கள், அங்கே வெயிலும் விழும் மழையும் விழும், உள்வீட்டுக் கேபிளின் தோல் வெயிலில் வெடித்துவிடும்.


புதுவயல் பையன்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையதில் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ, உபுண்டு. டிரைவர் எல்லாம் தானாகவே இருக்கிறது, வைஃபையும் வருகிறது, ஆனால் ரூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் நெட். அடுத்த அறைக்குப் போனால் ஒரு கோடுகூட இல்லை. இதுவும் சுவர் பிரச்சினையா?


தேவகோட்டை டெபியன்:

சுவர் இல்லை தம்பி, ஆன்டெனா. அந்தக் கார்டில் ஆன்டெனா மாட்ட இரண்டு முனை உண்டு, லேப்டாப் கம்பெனிக்காரன் செலவைக் குறைக்க ஒரே ஒரு ஒயரை மாட்டியிருப்பான், டிரைவர் ஒயர் இல்லாத முனையில் காதை வைத்துக்கொண்டிருக்கும். /ஈடிசி/மோட்புரோப்.டி ஃபோல்டரில் ஆர்டிஎல்8723பிஇ.கான்ஃப் என்று புதுக் கோப்பு உருவாக்கி ஒரே வரி:

ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2

ரீஸ்டார்ட் செய்து பார். முன்னேற்றம் இல்லையென்றால் 2-ஐ 1 ஆக்கு. இரண்டில் ஒன்று கேட்கும்.


பள்ளத்தூர் பலகாரம்:

பவர்சேவ் மாற்றியதும் அறுந்து போவது நின்றுவிட்டது. சிக்னல் முகப்பில் 90-க்கு மேல், வளவில் 60 பக்கம், அடுப்படியில் 30-க்குக் கீழே. மெயிலுக்கும் கணக்குக்கும் இதுவே ஓடுகிறது, கேபிள் வேலையைக் கல்யாண ஆர்டர் முடிந்து பார்த்துக்கொள்கிறேன், கோட்டையூர் அண்ணன் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன்.

சர்வீஸ் அண்ணே, கடைசியாக ஒன்று. அப்டேட் மேனேஜரில் புதுக் கெர்னல் என்று ஒன்று வந்து நிற்கிறது. அதைப் போட்டால் இந்த வைஃபை போய்விடுமா? பயமாக இருக்கிறது, தொடாமல் வைத்திருக்கிறேன்.


கழனிவாசல் சர்வீஸ்:

பெரும்பாலும் போகாது. புதுக் கெர்னல் வந்ததும் டிகேஎம்எஸ் தானாகவே அதற்கும் ஒரு தடவை கம்பைல் செய்து, பதிந்து வைத்த அதே சாவியால் கையெழுத்தும் போட்டுவிடும், நீலத்திரை மறுபடி வராது. 6.8-இல் இருந்து 6.8-லேயே சின்ன எண் மாறுகிற அப்டேட் என்றால் தாராளமாகப் போடுங்கள், அதெல்லாம் பாதுகாப்புக்காக வருவது, தள்ளிப்போடக் கூடாது. வரிசையே மாறி 6.8-லிருந்து அதற்கு மேலே தாவச் சொன்னால் மட்டும் பொறுங்கள். 2015-இல் எழுதிய டிரைவருக்குப் புதுக் கெர்னலுக்கான ஒட்டு வந்து சேரச் சில சமயம் நாளாகும், அதுவரை கம்பைல் தோற்றுப்போகும்.

போட்டு முடித்ததும் ரீஸ்டார்ட் செய்யும் முன் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடித்துப் பாருங்கள். புதுக் கெர்னலின் எண்ணுக்கு நேரே இன்ஸ்டால்டு என்று இருந்தால் கவலையில்லை. அந்த எண்ணே வரவில்லையென்றால் ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை இருக்காது. அப்படி ஆனாலும் மெஷினை ஆன் செய்யும்போது ஷிஃப்ட்டையோ எஸ்கேப்பையோ தட்டி எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கிற கிரப் பட்டியலை வரவழைத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபையோடு வந்துவிடும். அதனால் பழைய கெர்னலை இடம் அடைக்கிறது என்று நீக்கிவிடாதீர்கள், ஒன்றாவது இருக்கட்டும். டைம்ஷிஃப்ட் மின்ட்டோடு வருவதுதான், அதில் இப்போதே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். அது சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாற்றும், ஆர்டர் கணக்கு இருக்கிற ஃபோல்டரைத் தனியாக ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.